சுவரில் ஒரு வெளுத்த கட்டம்

படத்தைக் கழற்றியது மஹாதேவன்தான். கல்கத்தாவில், காளிகாட் வீட்டுக் கூடத்தில் முப்பது வருஷம் தொங்கிய படம் போனதும், சுவரில் அதே அளவுக்கு ஒரு வெளுத்த கட்டம் பளிச்சென்று நின்றது. அதன் மேல் காலண்டரை மாட்டினார். கட்டம் காலண்டரைவிடப் பெரியது.

படத்தில் இருந்தவர் அவருடைய அண்ணா அர்ஜுனன். எழுபத்தெட்டு வயதிலும் தமிழ்ச் சங்க மேடையில் மடிசார் கட்டிக்கொண்டு, மாமியார் வேஷத்தில் ஊரையே சிரிக்கவைப்பவர். 1997-ஆம் வருஷத்திலும் கூத்தாடி குடும்பம் என்று பெயர் வாங்க மஹாதேவன் தயாராக இல்லை; அதுவும் மகள் வித்யாலக்ஷ்மியைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம். நாலு நாள் சால்ட் லேக்கில் தங்கை வீட்டில் இருக்கச் சொன்னார். அண்ணா ஏன் என்று கேட்காமல் பையை எடுத்துக்கொண்டார்.

வந்து உட்கார்ந்ததுமே பையனின் அப்பா நடராஜனின் கண் சுவருக்குப் போனது.

"அங்க யார் படம் இருந்தது?"

"எங்க அண்ணா. கண்ணாடி உடைஞ்சுடுத்து."

"என்ன பண்றார்?"

"துறைமுகத்துல, போர்ட் ட்ரஸ்ட்ல ஆபீசரா இருந்தார்."

"அட, நானும் அங்க கிடர்பூர் டாக்லதான் இருந்தேன். எந்த டிபார்ட்மென்ட்?"

மஹாதேவன் அவசரமாகச் சொன்னார்: "அவர் இப்போ இல்லை. போன மாசம் காலமாயிட்டார்."

சொன்ன மாத்திரத்தில், தன் பாங்க் இன்டர்வியூவுக்கு அண்ணா நாடகப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிவிட்ட ஜட்ஜ் வேஷக் கோட்டு ஏனோ ஞாபகம் வந்தது.

பையனின் அம்மா வத்சலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடராஜன் நிதானமாகக் கேட்டார்: "அப்போ வருஷம் முடியாம இந்தாத்துல கல்யாணம் எப்படி?"

மஹாதேவன் அதை யோசிக்கவில்லை. வாய் தவறிவிட்டது, ரெண்டு வருஷம் ஆகிறது என்றார். என்ன திதி என்று கேட்டார் நடராஜன். ஏகாதசி என்றார். சுக்லபக்ஷமா, கிருஷ்ணபக்ஷமா?

கூடப் பிறந்தவனின் திதி தெரியாமல் மஹாதேவன் விழித்தார். ஆசாரத்துக்குப் பெயர்போன மனுஷர்.

வத்சலாவின் தோள் குலுங்கியது. முன்பின் தெரியாதவள் அண்ணாவுக்காக அழுகிறாள். இவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வெட்கமாக இருந்தது.

"அழாதீங்கோ மாமி."

அவள் முந்தானையை எடுத்தாள். "அழலை, மாமா. உங்கண்ணா நேத்து எங்காத்துக்கு வந்திருந்தார். 'தம்பி கௌரவம் பார்க்கறவன். நான் செத்துட்டேன்னு சொன்னாலும் சொல்வான். யாரும் சிரிச்சுடப்படாது'ன்னு சொல்லிட்டுப் போனார்."