ஆரம்பநிலையாளர் உதவிப் பிரிவு

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. இந்தக் குறையை மேலிடம் வெகு நாளாகக் கவனித்து வந்தது. கடைசியில் உத்தரவு பிறந்தது: 'பிறர் செய்து வைத்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பணிபுரிவது ஊழியர்களின் தன்னம்பிக்கையைக் குலைப்பதால், இனி அவரவர் தமக்குரியதை மூலநிரலிலிருந்து (சோர்ஸ் கோட்) தாமே கட்டிக்கொள்ள வேண்டியது. ஆரம்பநிலையாளர்களுக்கு உரிய உதவி அளிக்கப்படும்.'

அப்போது அதுதான் நாகரிகம். விருந்துக்குப் போன இடத்தில்கூட, "நீங்க இன்னும் கடையில வாங்கினதையா ஓட்டறீங்க?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். பிரிவு அதிகாரியை அவருடைய மைத்துனரே அப்படிக் கேட்டுவிட்டார். மறுநாள் முதல் வேலையாக, பின்வாங்கும் எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்று, எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்த பழைய சிஸ்டத்தைச் சுத்தமாக அழித்துவிடச் சொன்னார்.

அலுவலகத்தில் ஒரே ஒரு எழுத்தருக்கு இந்த வேலை தெரியும். அவரை உதவிப் பிரிவில் போடலாமே என்றார்கள்.

"தெரிஞ்சவருக்குத் தெரியாதவங்க கஷ்டம் எப்படிப் புரியும்?" என்று கேட்ட அதிகாரி, அவரைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்.

இந்த நிலையில்தான் ஒரு தையல்காரர் தன் மகளின் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கொடுத்தால்தான் பாப்பாவைப் பள்ளியில் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கவுன்ட்டரில் இருந்த எழுத்தர் அம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். எழுத்துகள் சரசரவென்று மேலே ஓடிக்கொண்டிருந்தன.

"கம்பைல் ஓடுதுங்க. மூலநிரல் மெஷினுக்குப் புரியற மாதிரி மாறிக்கிட்டிருக்கு. முடிஞ்சதும் தர்றேன்."

"எப்பம்மா முடியும்?"

"விடிய விடிய ஓடினா முடியும். ஆனா சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைச்சிடுவாங்க. மின்சாரச் சிக்கனம்."

"அணைச்சா?"

"மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

"ஒரு ராத்திரி அணைக்காம விடச் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாமே. ஆனா மின்சாரப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வழியாத்தான் விண்ணப்பிக்கணும்."

அந்தப் பாப்பாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. புதுப் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை தையல்காரர் பொறுமை இழந்து அதிகாரியின் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

"சார், எனக்கு ஆபரேட்டிங் சிஸ்டமும் தெரியாது, கம்பைலும் தெரியாது, ஒரு இழவும் தெரியாது! என் பொண்ணோட சான்றிதழைக் குடுங்க!"

அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது."

"யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்களே?"

"இல்லவே இல்ல சார்!"

"உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கோம். உதவிப் பிரிவுக்குத் தலைமை உதவியாளரா வந்துடுங்க. உள்ளேயே இருந்தா சான்றிதழ் முதல்ல உங்க கைக்குத்தானே வரும்?"

பாப்பாவுக்காகத்தான் தையல்காரர் சம்மதித்தார். இதில் சந்தேகமில்லை. கழுத்தில் அடையாள அட்டை வந்தது. தலைக்கு மேல் மின்விசிறி வந்தது. காலமெல்லாம் தையல் மெஷின் முன்னால் குனிந்தே கிடந்த முதுகுக்குச் சாய்வு நாற்காலி வந்தது.

வியாழக்கிழமை எழுத்தர் அம்மா ஓடி வந்தார். "சார், திரையில ஏதோ பிழைன்னு வருது. என்ன செய்யறது?"

"எனக்கும் தெரியலையேம்மா."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் தன் நிலைமையைப் புரிந்துகொண்ட முதல் ஆள் இவர்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. தெரியாது என்பதைக் கொஞ்சம் கௌரவமாக, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று சொல்லத் தையல்காரர் மத்தியானமே பழகிக்கொண்டார். சாயங்காலம் அவர் நடந்து போனபோது நாலு பேர் எழுந்து நின்றார்கள். சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை தையல்காரர் உட்கார்ந்த கவுன்ட்டரில் வரிசை வாசல் வரை நின்றது. தையல்காரரின் மனைவி பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு முண்டியடித்து முன்னால் வந்தாள்.

"என்னங்க, பள்ளிக்கூடத்துல இன்னும் கொஞ்ச நேரத்துல கதவைச் சாத்திடுவாங்களாம். சான்றிதழ் எங்க?"

தையல்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரிசைல வாங்கம்மா."

"ஐயோ, நான்தாங்க! இங்க பாருங்க, பாப்பாவும் வந்திருக்கா!"

பாப்பா எட்டிக் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றாள்.

"உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுதும்மா" என்றார் அவர். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது.

வரிசையில் நின்றவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் கோபித்துக்கொண்டது அவள் மேல்தான். "சார் எவ்வளவு தன்மையாப் பேசறாரு, நீ ஏம்மா கத்தறே? கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

தையல்காரர் பேனாவைத் திறந்தார்.

"குழந்தை பேரு என்ன?"