ஆடு தின்ற ஜாக்கெட்

"திருவிழா இல்லைன்னா என்னங்க அர்த்தம்? வேன் திருமயத்தத் தாண்டிருச்சு" என்று போனில் பதறினார் ஆத்மநாதன்.

மறுமுனையில் ஊர்த் தலைவர் நிதானமாகப் பேசினார். "நோட்டீஸ்ல யாரு பேர மொதல்ல போடுறதுன்னு ரெண்டு தரப்புக்கும் தகராறு. போலீஸ்ல அனுமதி தரலங்க. நாடகமெல்லாம் கேன்சல்."

ஆத்மநாதன் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். இங்கிலாந்தில் நாடகம் படிக்கும் மாணவர்களை, வாரம் முழுக்க தினம் ஒரு நாடகம் என்று ஆசை காட்டித் தன் சொந்த ஊருக்கு வரவழைத்திருந்தார். இது நல்லபடியாக முடிந்தால் அவர்களுடைய பல்கலைக்கழகம் அவரை விருந்தினராக அங்கே அழைக்கும். அழைப்பு வருவதற்கு முன்பே கோட்டு தைத்துவிட்டார். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றார்.

வேன் வந்தது. மாணவர்கள் இறங்கினார்கள். அவர்களுடைய பேராசிரியை ஹெலன், "இன்று என்ன நாடகம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தெருக் குழாயடியில் சத்தம் கிளம்பியது. வனிதா கொடியில் காயப்போட்டிருந்த ஜாக்கெட்டை முத்துமாரியம்மாளின் ஆடு தின்றுவிட்டது. முத்துமாரியம்மாள் அண்ணன் பெண்டாட்டி, வனிதா தம்பி பெண்டாட்டி. சண்டைக்கு வேறு தகுதி எதற்கு?

"ஆட்டக் கட்டிப் போட்டு வளக்கத் துப்பில்ல, பேச வந்துட்டா."

"பச்சக் கலர்ல ஜாக்கெட்டு தச்சா ஆடு எலைன்னுதான் நெனைக்கும்."

வனிதா குனிந்து மண்ணை வாரி முத்துமாரியம்மாளின் வாசலில் தூற்றினாள். "நீ வெளங்கவே மாட்ட."

தமிழ் தெரியாத மாணவர்கள் கைதட்டினார்கள். ஹெலன் நெஞ்சில் கைவைத்து, "தெரு நாடகமா?" என்றார்.

ஆத்மநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாம், மிகப் பழமையானது. ஒரே கதை வாரம் முழுக்க நடக்கும்" என்று கூசாமல் சொன்னார். மண்ணைத் தூற்றியது எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். "நடிகர்களை வாழ்த்துவது" என்றார்.

மறுநாள் காலை அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, ஹெலனும் மாணவர்களும் வனிதாவின் வாசலில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு கைப்பிடி மண்ணை மிகுந்த மரியாதையோடு தூற்றினார்கள்.

வனிதா பாய்ந்து வெளியே வந்தாள். "உள்ளூர்ல ஆளு பத்தலன்னு வெளிநாட்டுலேருந்து எறக்கிருக்காளா?"

ஆத்மநாதன் வாயில் நுரையோடு ஓடினார். "கோவப்படாதம்மா. ஒனக்கு நான் புது ஜாக்கெட்டு எடுத்துத் தர்றேன்."

எதிர்வீட்டிலிருந்து முத்துமாரியம்மாள் குரல் கொடுத்தாள். "என் கொழுந்தன் பொண்டாட்டிக்கு வாத்தியாரு எதுக்குங்க ஜாக்கெட்டு எடுக்கணும்?"

தெருவில் எல்லார் காதிலும் அது விழுந்தது. ஆத்மநாதனின் மனைவி பொற்கொடி காதிலும் விழுந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆவுடையார்கோவிலில் இருக்கும் தாய் வீட்டுக்கு பஸ் ஏறினாள். மாணவர்கள் அதற்கும் கைதட்டினார்கள். புது நடிகை வசனமே இல்லாமல் நடித்ததை ஹெலன் தனியாகப் பாராட்டினார்.

அதன்பின் சண்டை தினமும் வளர்ந்தது. காலையில் குழாயடி, மாலையில் கோயில் வாசல். பக்கத்து ஊர்க்காரர்கள் நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார்கள். சுண்டல் விற்பவர் கூட வந்துவிட்டார். ஆத்மநாதன் முன்வரிசையில் கோட்டோடு அமர்ந்து, ஒவ்வொரு வசவுக்கும் ஒரு தத்துவ விளக்கம் கொடுத்தார். படித்த மனுஷனுக்கு அதுவா வராது? ஹெலன், "அடுத்த மாதமே எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று சொல்லியும் விட்டார். கடைசி நாள் மட்டும் கழிந்தால் போதும்.

கடைசி நாள் மாலை, முத்துமாரியம்மாளின் புருஷன் பிச்சை அருவாளோடு தெருவில் இறங்கினான்.

"டேய் அய்யப்பா, தம்பின்னு பாக்க மாட்டேன். வெளிய வாடா."

அய்யப்பன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தான். "வெட்டுண்ணே. வெட்டித்தான் பாரு."

அருவாள் வெயிலில் மின்னியது. மாணவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆத்மநாதனுக்கு ஒரு பக்கம் விமானம், மறுபக்கம் கொலை. அந்த மனுஷனிடம் இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்ததோ, ஒரு துளி நல்ல புத்தி அப்போது எட்டிப் பார்த்தது. ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் விழுந்தார்.

"நிறுத்துங்க" என்று அலறிவிட்டு, ஹெலனிடம் ஆங்கிலத்தில் கொட்டினார். "இது நாடகம் இல்லை. நிஜச் சண்டை. வாரம் முழுக்க உங்களிடம் பொய் சொன்னேன்."

ஹெலனின் முகம் வெளுத்தது. "ஒரு குடும்பத்தின் துயரத்தையா எங்களுக்கு வேடிக்கை காட்டினீர்கள்? இனி எங்கள் பல்கலைக்கழகத்தின் பக்கமே வராதீர்கள்." மாணவர்கள் தலைகுனிந்து ஏறினார்கள். வேன் போய்விட்டது.

கூட்டமும் முணுமுணுத்தபடி கலைந்தது. ஆத்மநாதன் புழுதி படிந்த கோட்டோடு குழாயடியில் உட்கார்ந்தார். வெளிநாடு போச்சு, பெண்டாட்டி போச்சு. ஆனாலும் வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தன்மீது மரியாதை வந்தது.

"போனாப் போகுது. ஒரு உசுரக் காப்பாத்திட்டேன்ல" என்றார்.

பிச்சை, ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டை அருவாளை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வனிதாவின் தோளில் கைபோட்டபடி வந்த முத்துமாரியம்மாள் சலித்துக்கொண்டாள்.

"மொத நாள் சாயந்தரமே நாங்க ராசியாயிட்டோம்ண்ணே. வந்த பிள்ளைக கைதட்டுச்சேன்னு தெனம் ஒக்காந்து யோசிச்சு நடிச்சோம், கடைசியில எல்லாம் நெசம்னு பொய் சொல்லி அனுப்பிட்டீங்களே."