கரைவலைக் கயிறு இழுத்த வீட்டு வேன்

கடற்கரை ஊரில் கலியாணம் முடித்துவிட்டு, கடற்கரைப் பக்கமே போகமாட்டேன் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும்? எனக்கு அது இருந்தது.

வாப்பா மாவடிப்பள்ளியில் வயல்காரர். கல்முனைக்குடியில் எனக்கு வீடு கட்டித் தந்து, தோணிக்காரரை மாப்பிள்ளையாக எடுத்தார். (மாப்பிள்ளை நல்லவர். மீன் வாசத்தைத்தான் சொல்கிறேன்.) மாமியின் வீடு கடலோரம். கூப்பிடும்போதெல்லாம், “நாங்க கடக்கரைக்குப் போற குடும்பமில்ல மாமி” என்பேன். மாமி வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றுவா, அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் வேனுக்குள்ளேயே வீடு வைத்துக்கொண்டு எங்கட கரைக்கு வந்தார்கள். கட்டில், அடுப்பு, தண்ணி வரும் குழாய், பூப்போட்ட திரை. என்ட மாப்பிள்ளைதான் அவர்களைத் தோணியில் தூண்டில் போடக் கூட்டிப்போகிறவர். வந்து அந்த வீட்டைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். அதை ஒருதரம் பார்க்கும் ஆசையில் எனக்கு நித்திரை போயிற்று.

ஒருநாள் விடியுமுன் சுபஹு தொழுத கையோடு, முக்காட்டை இழுத்துவிட்டு, ஒருத்தரும் காணாமல் அவரோடு போனேன். வெள்ளைக்காரி கையைப் பிடித்து ஏற்றினா. பிறகு மூன்று பேரும் தோணிக்குப் போனார்கள்.

“நீ உள்ள இரி. வெயில் ஏறுறதுக்குள்ள வந்திருவம்” என்றார் அவர்.

கட்டிலில் சாய்ந்தேன். ராணிதான். அப்படியே கண் அயர்ந்துபோனேன்.

எழும்பினால் வெளியே ஆம்பிளைகளின் சத்தம். கரையில் கூட்டமாக நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கிறவர்கள். வேனின் சில்லை அலை தொடுகிறது.

“ஆளில்லாத வேன் காக்கா. கடல் கொண்டு போகப்போகுது” என்று ஒரு பொடியன் மூத்தவரிடம் சொன்னான்.

“வலக் கயித்தக் கட்டு. இழுத்து மேல போடுவம்.”

நான் இருக்கிறேன் என்று ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. ஆனால் கடற்கரைக்கே போகாத குடும்பத்துப் பொம்பிளை அத்தனை பேருக்கு முன்னால் எப்படி இறங்குவது? திரையை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்தேன்.

“ஏலோ ஏலோ” என்று இழுத்தார்கள். வேன் அசையவில்லை. “கல்லா ஏத்தி வச்சிரிக்கான்?” என்று ஒருத்தர் கேட்டார். (அப்போது நான் மெலிவு.) அடுத்த இழுப்பில் வேன் குலுங்க, விழாமலிருக்க முன் சீட்டுப் பக்கம் ஒரு கம்பியைப் பிடித்தேன். கையோடு வந்தது. அதுதான் வேனைப் பிடித்து வைத்திருக்கிற பிறேக் என்று எனக்கு யார் சொன்னது? வேன் ஓடியது. இழுத்தவர்கள் மண்ணில் விழுந்தார்கள். உள்ளே சட்டிகளும் நானும் சேர்ந்து உருண்டோம்.

வேன் தென்னைமரத்தடியில் நின்றபோது ஊரே கூடியிருந்தது. கதவைத் திறந்தது மாமி. மீன் வாங்கக் கூடையோடு வந்திருந்தா. என்னை மேலும் கீழும் பார்த்தா.

பின்னால் ஒருத்தர் மாமியிடம் கேட்டார்: “என்ன ராத்தா, வலையில என்ன பட்டிரிக்கி?”

“வயல் மீன்” என்றா மாமி. “எல்லாரும் அங்கால திரும்புங்க. என்ட மருமகள் இறங்கப்போறா.”

அத்தனை ஆம்பிளைகளும் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். மாமி என்னைத் தன் சீலைத் தலைப்பால் மூடிக் கூட்டிப்போய், பிட்டும் அதில் ஊற்ற மீன் ஆணமும் தந்தா. நான் தின்ன மட்டுமே வாய் திறந்தேன்.

அதற்குப் பிறகு மாமி கூப்பிடாமலே போனேன். வெள்ளைக்காரர் ஊரை விடுமுன் எங்களைப் பொத்துவில் வரைக்கும் அதே வேனில் கூட்டிப்போனார்கள். முன் சீட்டில் மாமி. பிறேக் பக்கம் என்னை விடவில்லை.

இப்பவும் பயணம் வெளிக்கிட நான் சுணங்கினால், மகள் வாசலில் நின்று கேட்பாள்: “உம்மா, கயிறு கட்டவா?”

“கட்டு” என்பேன். “ஆனா நீ ஒராள் காணாது. என்னை அசைக்க ஒரு கரைவலைக் கூட்டம் வேணும்.”