பச்சடியில் போன அம்மையார்குப்பம்

தமிழ்நாட்டிலேயே சாவு வீட்டுக்குப் போய், மாலை போட்டு, மனசார அழுது, சட்டைப் பையில் தக்காளி விதையோடு திரும்பி வந்த ஒரே மனிதர் எங்கள் கண்டக்டராகத்தான் இருப்பார். இதற்கு நான் சாட்சி. சாட்சியாக இருக்க நான் ஆசைப்படவில்லை. அவர் என் அக்காவின் கணவர், எனக்குப் பாவா. எங்கே கிளம்பினாலும் “பாவாவோட நீயும் போய் வாடா” என்று அக்கா என்னையும் கூட அனுப்பிவிடுவாள். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. கூடப் போனால் வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வேலையை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அந்தப் பெயரைச் சொல்லித் திருத்தணியில் விசாரித்தால், தபால்காரரே “அப்படி யாரும் இல்லீங்க” என்பார். பள்ளிப்பட்டு தடத்தில் பல காலம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கழுத்தில் விசில் மட்டும் ஓய்வுபெறவில்லை.

தக்காளிப் பித்து பஸ்ஸிலேயே தொடங்கியது. யாராவது கூடையோடு ஏறினால், எங்கே போகிறார்கள் என்று கேட்பதற்கு முன் கூடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். கண்ணுக்குப் புதிதாக ஒரு தக்காளி தெரிந்தால் கேட்டு வாங்கி, ஓடும் பஸ்ஸில் பிதுக்கி, விதையைக் காகிதத்தில் தடவித் தோல்பைக்குள் காய வைப்பார். சில்லறையும் அதே பையில்தான்.

“இன்னாங்க கண்டக்டரே, காசெல்லாம் பிசுபிசுன்னு கீது?”

“அத்த அப்படியே மண்ணுல பொதைச்சு வைம்மா. நல்லா காய்க்கும்.”

விதை எந்த ஊரில் ஏறியதோ அந்த ஊரே அந்த ரகத்துக்குப் பெயர். இந்த விதியை அவர் ஒருபோதும் மாற்றியதில்லை. டீக்கடைப் பின்புறம் கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடந்தது கே.ஜி.கண்டிகை. ரசத்துக்கென்றே பிறந்த புளிப்புக்காரி பள்ளிப்பட்டு. இப்படி அவர் வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் அந்தத் தடத்தின் ஊர்கள் எல்லாம் வரிசையாகக் குச்சியில் கட்டி நிற்கும். ஒருநாள் காலை மாடியிலிருந்து, “பள்ளிப்பட்டுல பாதி செத்துப்போச்சுடி!” என்று அக்காவிடம் கத்தினார். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்குப் பள்ளிப்பட்டில் மாமியார் வீடு. பாவம், கைபேசியோடு தெருவில் ஓடினார். அவரைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னது நான்தான்.

பழைய சங்கதிகளைத் தேதி போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். ஊரில் எந்தக் கிணறு எப்போது தூர்ந்தது என்று கேட்டால் சொல்வேன். பாவா சம்பந்தப்பட்ட எதற்கும் மட்டும் தேதி குறித்ததில்லை. பின்னால் யாரும் ஆதாரம் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம் பாருங்கள்.

அந்தச் சாவு வீடும் பள்ளிப்பட்டுப் பக்கம்தான். அவரோடு வேலை பார்த்த டிரைவர் காலமாகிவிட்டார். மாலை போட்ட பிறகு பாவாவைக் காணவில்லை. பின்கட்டில் இருந்தார். “மச்சான், இங்க பாரு, எப்பேர்ப்பட்ட செடிய வெச்சிகினு ஒரு வார்த்தை சொல்லாம பூட்டாரு!” என்று கண் கலங்கினார். டிரைவருக்காகக் கலங்கினாரா, செடிக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு பழத்தைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முன்பக்கம் வந்ததும் டிரைவரின் மகன், “மாமா!” என்று கதறிக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டிப் பிடித்தான்.

இருவருக்கும் நடுவில் தக்காளி இருந்தது.

விலகியபோது அந்தப் பையனின் வெள்ளைச் சட்டை நெஞ்சில் சிவப்பாக வழிந்தது. பெண்கள் அலறினார்கள். பாவா ஒரு கையால் அவன் தோளைப் பிடித்து, மறு கையால் காகிதத்தை எடுத்து, “தம்பி, ஒரு நிமிஷம் அசையாத” என்று சட்டையிலிருந்து விதையை வழித்தார். நான் பஸ் நிறுத்தம்வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அவருக்கு எதிரிகள் என்றால் மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள்தான். மற்றவர்கள் பட்டாசு வெடிப்பார்கள். இவர் விசில் ஊதுவார். “ஒரு விசிலுக்கு நிக்கும், ரெண்டு விசிலுக்குப் போயிடும். எல்லாம் பழக்கம்தான்” என்பார். ஒரு விசிலுக்கு அவை நின்றதை நானே பார்த்திருக்கிறேன். நின்று, பழத்தைத் தின்று முடித்துவிட்டு, இரண்டாவது விசிலுக்குப் போகும்.

அவர் உயிரை வைத்திருந்தது அம்மையார்குப்பத்தின் மேல். நல்ல மஞ்சள் நிறம், பூசணிபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒரு தறிக்காரர் வீட்டுக் கொல்லையிலிருந்து வந்த விதை. அந்தக் கொல்லையில் இப்போது விசைத்தறிக் கொட்டகை நிற்கிறது. வேறு எங்கும் அந்தச் செடி கிடையாது என்று அலைந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். கைவசம் இருந்த பழைய விதை எல்லாவற்றையும் போட்டதில் ஒன்றே ஒன்றுதான் முளைத்தது. அதற்கு வெயிலுக்குக் குடை பிடித்தார். இரவில் கொசுவலை கட்டினார். எங்கள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது இவ்வளவு செய்யவில்லை என்பதை அக்காவே பதிவு செய்யச் சொன்னாள்.

தை மாதக் கடைசியில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. சனிக்கிழமை சாயங்காலமே கரும்பும் பூசணியும் வாழைத்தாரும் கொண்டுவந்து பீடத்தைச் சுற்றி அடுக்குவோம். ஞாயிறு ஆராதனையில் அவற்றை வைத்து ஜெபிப்பார்கள். பிறகு காய்கறிகள் எல்லாம் பின்பக்கச் சமையலுக்குப் போய்விடும். எந்த ரகமானாலும் முதல் பழத்தைப் பீடத்தில் வைப்பது பாவாவின் வழக்கம். அம்மையார்குப்பத்தின் முதல் பழம் சரியாக அந்த வாரம் பழுத்தது.

“வெதைக்கு இத்த வெச்சிகினு அடுத்தத குடுங்களேன்” என்றாள் அக்கா.

“மொத டிக்கெட்டு ஆண்டவருக்குத்தான். செடியில இன்னும் காய் கீது. அவசரம் இன்னா?”

ஞாயிறு அவர் விடியற்காலையே கோயிலுக்குப் போய்விட்டார். அக்கா கடைசி ஜெபத்தின்போதுதான் மூச்சிரைக்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“டேய், கொரங்கு பூந்து அம்மையார்குப்பத்த வேரோட புடுங்கிப் போட்டுடுச்சு. ஒரு காய் இல்ல. அந்த மனுசன்கிட்ட எப்படிடா சொல்றது?”

இருவரும் பீடத்தைப் பார்த்தோம். பெண்கள் ஐக்கியத்தார் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாவாவைத் தேடிப் பிடித்துச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்து வாசலை அடைத்துக்கொண்டது. அவர் நெரிசலில் முட்டி மோதிச் சமையல் கொட்டகைக்குப் போனபோது, பிரியாணி தயாராக இருந்தது. வெங்காயமும் தக்காளியும் நறுக்கித் தயிர்ப் பச்சடி அண்டாவில் கலந்தாகிவிட்டது. முதல் பந்தியே உட்கார்ந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாவாவின் முகம் தெளிந்தது. “வேகல இல்ல? பச்சையாத்தானே போட்டீங்க? அப்ப வெதைக்கு உசுரு கீது” என்றார். அண்டாவைத் துழாவினார். மிச்சம் இருந்ததில் சிவப்பு மட்டுமே இருந்தது. மஞ்சள் எல்லாம் இலைகளுக்குப் போய்விட்டது.

வரிசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கினார். குனிந்து குனிந்து, பஸ்ஸில் கேட்கிற அதே குரலில் கேட்டுக்கொண்டே வந்தார்.

“மஞ்ச தக்காளி யார்கிட்ட கீது? பாத்துச் சொல்லுங்க. பச்சடிய நல்லாத் தள்ளிப் பாத்துச் சொல்லுங்க.”

“அது தக்காளியா? மாம்பழம் போட்டுக்கீறாங்கன்னு துன்னுட்டேனே!”

“எனக்கு ரெண்டு வந்துச்சுங்க. பழுக்காத தக்காளியப் போட்டுட்டாங்கன்னு குப்பையில போட்டேன், நாய் துன்னுகினு போச்சு.”

வெளியூரிலிருந்து தேவசெய்தி கொடுக்க வந்திருந்த பிரசங்கியார், அப்போதுதான் ஒரு கவளத்தை வாயில் வைத்தார். விரலிடுக்கில் மஞ்சளாக ஏதோ பாவாவுக்குத் தெரிந்துவிட்டது.

“ஐயா, முழுங்காதீங்க!”

பந்தி முழுவதும் உறைந்தது. பிரசங்கியார் திறந்த வாயோடு அப்படியே இருந்தார். பாவா எட்டிப் பார்த்தார். பிரியாணி உருளைக்கிழங்கு. “சரி, நீங்க முழுங்கலாம்” என்று அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

“டிக்கெட் எடுக்காதவன மாதிரி தேடுறாருப்பா!” என்று யாரோ சொல்ல, கொட்டகையே சிரித்தது. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இலைமுன் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். என்னையும் அவரையும் சேர்த்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் என் அன்றைய ஜெபம்.

கடைசி இலையும் முடிந்தது. எதுவும் கிடைக்கவில்லை. பாவா நேராக வந்து என் தூணடிப் படியில் உட்கார்ந்தார். விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். இன்னும் சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை அவர் அப்போதுதான் கேட்டது போலிருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எல்லார் எலையவும் பாத்துட்டேன் மச்சான். உன்னுது மட்டும் பாக்கல.”

“ஏன் பாவா?”

“எல்லார் முன்னாடியும் உன் எலையில குனிஞ்சா நீ கூச்சப்படுவ. சாவு வூட்டுல இருந்து தனியா நடந்து போனியே, அன்னைக்கே தெரியும்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இலையைப் பார்த்தேன். பச்சடியை நான் தொட்டிருக்கவில்லை. வெங்காயத்தைத் தள்ளினேன். அடியில் ஓரம் மடிப்பு மடிப்பாக, மஞ்சளாக ஒரு துண்டு இருந்தது.

படியில் உட்கார்ந்திருப்பவரிடம் மெதுவாகவே நீட்டியிருக்கலாம். ஆனால் எழுந்து நின்றேன். தயிர் முழங்கைவரை வழிய, துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சபையார் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

“பாவா! அம்மையார்குப்பம் எங்கிட்ட கீது!”

முன்பைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். பிரசங்கியாருக்குப் புரையேறியது. பாவா காகிதத்தை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்.

“அசையாத மச்சான்” என்றார். நான் அசையவில்லை.

அந்த விதைகளில் பாதி அவர் மாடியில், பாதி என் மாடியில் முளைத்தன. குரங்குகள் ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் வராது என்பது அவர் கணக்கு. ஆனால் ஒரு சிக்கல். விதை எங்கே ஏறியதோ அதுதான் பெயர். இந்த விதை ஏறியது அம்மையார்குப்பத்தில் இல்லை, என் இலையில். ஆகவே அந்த ரகத்துக்கு இப்போது பெயர் மச்சான்.

“மச்சானுக்குத் தண்ணி ஊத்தினியாடி? மச்சான் மேல ஒரே அசுவினிப் பூச்சிடி, வேப்பெண்ணெய எட்டாந்து அடி!” என்று தினமும் காலையில் அவர் மாடியிலிருந்து கத்துவது தெருக்கோடிவரை கேட்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் அந்தக் குரல் கொஞ்சம் தாமதமானால் மட்டும், பல்கூடத் துலக்காமல் மாடியேறி, அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன்.