போலந்துக்குப் போன புளியோதரை

கடல் கடந்து புண்ணியம் தேடுபவர் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். செங்கம் சாலையில் விடுதி நடத்தும் கலையரசன் அந்த இனத்தில் முதல் தரம். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அன்னதானம் போட்டு, வேண்டாம் என்று ஓடுபவரையும் துரத்திப் பிடித்து இரண்டாவது கரண்டி வைத்து, அதைப் படமெடுத்து, படத்தைப் பேனராக்கி, பேனருக்கு மாலையும் போட்டவர். உள்ளூர்ப் பசி அவருக்கு அலுத்துவிட்டது.

"போலந்துல உக்ரைன் அகதிங்க கஷ்டப்படறாங்களாம். அண்ணாமலையார் என்னைக் கூப்பிட்டுட்டாரு," என்றார் மனைவி வேதாவிடம்.

"அவரு கோயில் இங்கதானேங்க இருக்குது? அவரு கூப்பிட்டா நீங்க எதுக்கு அங்க போறீங்க?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் சேவை நடக்குமா? புளிக்காய்ச்சல் டப்பாக்களோடு பக்தர் குழு விமானம் ஏறியது. ஊரில் பேனருக்கு இடம் பிடித்தாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்றுதான்: ஓர் அகதி அவர் கையால் வாங்கிச் சாப்பிடும் படம். அது இல்லாமல் எந்த முகத்தோடு ஊர் திரும்புவது?

முகாமிலோ யாரும் பசியோடு இல்லை. அவர்களே சமைத்து, அவர்களே சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். கடைசி நாள் கலையரசன் துணிந்தார். வாசலில் புளியோதரை அண்டாவை இறக்கினார். அன்னதானம் போடும்போது காலில் செருப்பு இருக்கலாமா? ஷூவைக் கழற்றினார், சாக்ஸைக் கழற்றினார், ஸ்வெட்டருக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பனியில் வெறுங்காலோடு நின்றார். பல் தந்தியடித்தது. கரண்டி தானாகவே ஆடியது.

அதைப் பார்த்து ஒக்ஸானா என்கிற அகதி அம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தார். ஆகா, வாங்கிக்கொள்ள வருகிறார்!

"மாறா, எடு! சீக்கிரம் எடு!" என்று மைத்துனரிடம் கத்தினார் கலையரசன்.

அந்த அம்மாள் கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவரைத் தரதரவென்று உள்ளே இழுத்துப்போய் அடுப்போரம் உட்காரவைத்து, காலைச் சூடுபறக்கத் தேய்த்து, கம்பளிக் காலுறை மாட்டி, பீட்ரூட் சூப்பை ஊட்டவே தொடங்கிவிட்டார். காலுக்குச் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்த புது அகதி என்று முடிவே கட்டிவிட்டார், பாவம். போதும் என்று தலையாட்டியவருக்கு இன்னொரு கரண்டியும் விழுந்தது. மாறன் சொன்ன வேலையைச் செய்தார்: எல்லாவற்றையும் எடுத்து வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பினார்.

வேதாவின் போன் உடனே வந்தது. "படம் பார்த்தேங்க. சேவை ஜோரா நடக்குது போல. யாரு யாருக்குப் பண்றாங்க?"

வாய் நிறைய சூப். மானம் போயிற்று. ஆனால் கால் கதகதப்பாக இருந்தது, சூப் நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டால் என்ன என்றும் இருந்தது. கேட்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன தடவை நீங்கள் ஒருவருக்குச் சோறு போட்டீர்களே, அவர் அதைச் சாப்பிட்டாரா? தெரியாதல்லவா? அப்போது எடுத்த படத்தில் உங்கள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று எனக்குத் தெரியும்.