டீச்சருக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்

"நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணி வைங்க சார்."

இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் ஸ்ரீராம் சார், பாரிவாக்கம் 'ஹம்ஸத்வனி மெடோஸ்' குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். மெடோஸ் என்றால் புல்வெளியாம். புல் இருந்த இடத்தில் இப்போது கார்கள் மேய்கின்றன. நான் சங்க அலுவலகத்தில் உதவியாளர், பெயர் ராஜகுமாரி. எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. ஆகவே காலையில் முதலில் வந்து பூட்டைத் திறப்பவளும் நானே.

உலகத்தில் கருணை எப்போது பிறந்தது என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியும். போன சித்திரையில், எங்கள் கிளப் ஹவுஸில், ஏசி போட்ட பிறகு பிறந்தது. அன்றுதான் 'பிராணிகள் நல விழிப்புணர்வுக் குழு' உதயமானது. அதற்கு முன்னால் மனிதகுலம் எப்படித்தான் காலம் தள்ளியதோ!

அப்படிப்பட்ட குழுவிடம் தண்ணீர் ஏன் கேட்கக்கூடாது? அது 'கொள்கை விவகாரம்'. கிண்ணம் வைத்தால் கொசு வரும். கொசு வந்தால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் பிளாட் விலை இறங்கும். ஒரு நாயின் தாகத்துக்கும் சொத்து மதிப்புக்கும் இத்தனை நெருங்கிய உறவு இருப்பதை என் பி.காம் பாடத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

நாய் என்று நான் சொல்வது டீச்சரை. செம்பழுப்பு நிறம், பெட்டை. இடது காது நுனி வெட்டியிருக்கும், கருத்தடை ஆனதற்கு அடையாளம். காலையில் ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்கு கேட்டில் ஆஜராகி, தாமதமாக ஓடிவரும் பிள்ளைகளைப் பார்த்து மட்டும் குரைக்கும். பெயர் வைத்தது அந்தப் பிள்ளைகள்தான். போன மாதம் பார்க்கிங்கில் யாரோ ரிவர்ஸ் எடுத்ததில் அதன் பின்னங்கால் உடைந்து கோணிப்போனது. யாருடைய கார் என்று கேமராவில் பார்க்கலாமா என்று கேட்டேன். கேமரா அன்றைக்கு மட்டும் தூங்கிவிட்டதாம். பாவம், அதுவும் ஒரு ஜீவன்தானே.

குழுத் தலைவி ஸ்வாதி மேடம். கூட்டத்துக்கு எப்போதும் தன் கோல்டன் ரெட்ரீவர் ஆஸ்கரோடு லிஃப்டில் இறங்கி வருவார். அந்த லிஃப்டில் எனக்கு அனுமதி இல்லை. ஆஸ்கர் சங்க உறுப்பினரின் குடும்பத்தில் ஒருவன். நான் ஸ்டாஃப்.

"ஒவ்வொரு தனிமனிதரும் அன்றாட வாழ்க்கையில பிராணிகளுக்காக என்ன செய்யலாம்? சின்னச் சின்ன விஷயம் போதும். ஐடியா சொல்லுங்க" என்றார் மேடம்.

ஐடியாக்கள் கொட்டின. எல்லோரும் வாட்ஸ்அப்பில் டிபி படம் மாற்றுவது. காலை வணக்கத்தில் பூவுக்குப் பதில் பசு. சட்டையில் பச்சை பேட்ஜ். விழாவன்று சிக்கன் பிரியாணியை ரத்து செய்வது பற்றி மட்டும் கருத்து வேறுபாடு எழுந்தது. "சிக்கன் பிராணில சேராது, ஐட்டத்துல சேரும்" என்று மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் தெளிவுபடுத்திய பிறகு மன்றம் அமைதியானது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மண்ணூர்பேட்டையில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகும் என் அம்மா தினமும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறாள்: "படிப்பு வேலைக்குத்தாண்டி, வாய்க்கு இல்ல." நான் கேட்டேனா?

"வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி கீழ ஒருதடவை குனிஞ்சு பாக்கலாம் மேடம்."

"எஸ்யூவில குனியறது கஷ்டம்மா. இடுப்பு என்னத்துக்கு ஆவுறது?" என்றார் ஸ்ரீராம் சார். தீர்மானம் தோற்றது. அவர் இடுப்பு ஜெயித்தது.

விழாவுக்குத் தேதி வைத்தார்கள். 'அன்றாடம் அன்பு செய்வோம்' என்று தலைப்பு. கூடவே நாய்களுக்கு இலவச வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம். பேனருக்கு ஒரு தெருநாயின் படம் வேண்டும், 'பார்த்தாலே மனசு உருகணும்' என்றார்கள். என் போனில் டீச்சரை எடுத்துக் கொடுத்தேன். உருகினார்கள். நிறைய இதயங்கள் அனுப்பினார்கள்.

பிறகுதான் சிறப்பு விருந்தினர் உலகநாதன் சார் ஒரு விவரம் தெரிவித்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. பிராணிகள் மேல் அளவற்ற அன்பு உண்டாம். ஆனால் நாய் என்றால் பயமாம்.

அவசரக் கூட்டம். 'விழா வளாகத்திலிருந்து நாய்களைத் தற்காலிகமாக இடமாற்றம் செய்தல்' ஏகமனதாக நிறைவேறியது. ஆஸ்கர் கூட எதிர்க்கவில்லை.

"சார், கருத்தடை பண்ண நாயை அது இருக்கிற இடத்தை விட்டு அப்புறப்படுத்தக்கூடாது. சட்டமே அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

"ஏம்மா, நீ என்ன படிச்சிருக்க?"

"பி.காம் சார்."

"அப்ப கணக்க மட்டும் பாரு. நாளைக்கு மண்ணூர்பேட்டைல போய் பேனர் வாங்கிட்டு வந்துடு."

நான் பேனர் வாங்கப் போன நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது கேட்டில் டீச்சர் இல்லை. என் தோளில்தான் இருந்தது, சுருட்டிய ஃபிளெக்ஸில்.

குப்பை வண்டி ஓட்டும் பாபு அண்ணன் முகம் கொடுக்காமல் டயரை உதைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர் எங்கண்ணே?"

"என்னாண்ட கேட்டா? செகரட்டரி சார் சொன்னாரு, இட்டுகினு போனேன். முத்தாபுதுப்பேட்ட தாண்டி ஒரு முள்ளுக்காடு கீது. அங்க உட்டேன்."

"இறக்கிவிட்டுட்டு அப்படியே வந்துட்டீங்களா?"

"வேற இன்னா தங்கச்சி பண்ண சொல்ற? நான் சம்பளக்காரன்." டயரை இன்னொரு உதை விட்டார். "வண்டி பின்னாலயே வந்துச்சு. நொண்டிகினே ஓடியாந்துச்சு. கண்ணாடில பாத்தேன். அப்பால பாக்கல."

"நாளைக்கு விழா நடக்கும்போது வண்டிய கேட்டுக்கு வெளிய நிறுத்தி வைங்கண்ணே. தெரு பக்கம் பார்த்த மாதிரி."

"இன்னாத்துக்கு?"

"அந்த முள்ளுக்காடு உங்களுக்குத்தானே தெரியும்."

விழா அமோகமாகத் தொடங்கியது. தடுப்பூசி போட வந்த டாக்டர் சபீனா ஐஸ் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நாய்ங்க எங்க சார்?"

"எல்லாத்தையும் கிளியர் பண்ணியாச்சு மேடம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்றார் ஸ்ரீராம் சார் பெருமையாக.

"நாய்க்கு ஊசி போடத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

இப்படி ஒரு கோணம் இருப்பது அந்த நொடிவரை குழுவுக்குத் தோன்றவே இல்லை. ஸ்வாதி மேடம் ஆஸ்கரை முன்னால் தள்ளினார்.

"இவன் இருக்கானே டாக்டர். எல்லா ஊசியும் போட்டாச்சு. நீங்க சும்மா பக்கத்துல பிடிச்சா போதும், போட்டோவுக்கு."

டாக்டர் கையை நீட்டவில்லை. ஆஸ்கருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தினார்கள். அவன் அதை நக்கிப் பார்த்துவிட்டு நிராகரித்தான். அந்த மேடையிலேயே விவரமானவன் அவன்தான்.

உலகநாதன் சார் பேசினார். நாய் நன்றியுள்ள பிராணி என்றார். எதற்கு நன்றி, நாம் அப்படி என்ன கொடுத்துவிட்டோம் என்பதற்குள் அவர் போகவில்லை. திடீரென்று திரும்பிப் பேனரை உற்றுப் பார்த்தார்.

"அடடா, என்ன சாந்தமான முகம்! இது எங்க இருக்கு? பயமா இருந்தாலும் இதை ஒரு தடவை தொட்டுப் பாத்துடறேன்."

ஸ்ரீராம் சாருக்கு வேர்த்தது. மைக்கை வாங்கினார். "நிஜ நாய் இல்ல சார். ஏஐ. கம்ப்யூட்டர்ல பண்ணது."

"அதானே பாத்தேன்!" உலகநாதன் சார் குதூகலமாகிவிட்டார். "அந்தப் பின்னங்கால் கோணலா இருக்கு பாருங்க. ஏஐ இந்த மாதிரி இடத்துலதான் மாட்டிக்கும்."

"கரெக்ட் சார்!"

சபை சிரித்தது. டீச்சர் தினமும் குரைத்து வேன் ஏற்றும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களும்தான் சிரித்தார்கள்.

அடுத்து 'பிராணி நேயப் பணியாளர்' விருது எனக்கு. பேனர் சுமந்ததற்காக இருக்கலாம். பொன்னாடையைப் போர்த்தி, "ரெண்டே வார்த்தை நன்றி சொல்லிட்டு இறங்கும்மா" என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"அந்தக் கால் ஏஐ தப்பு இல்ல சார்" என்றேன். "குனிஞ்சு பாக்காம ரிவர்ஸ் எடுத்த காரோட தப்பு. அது நிஜ நாய். பேரு டீச்சர். நீங்க பயப்படுவீங்கன்னு நேத்து கொண்டுபோய் முள்ளுக்காட்டுல விட்டாங்க. உங்களை ஒண்ணும் பெருசா கேக்கல. நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணி வைங்க சார்."

பழக்க தோஷம், பின்வரிசையில் சிலர் கைதட்டிவிட்டார்கள். பிறகு என்ன தட்டினோம் என்று புரிந்து நிறுத்தினார்கள்.

அலுவலகச் சாவியை மேடை மேஜையில் வைத்தேன். டாக்டர் சபீனாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"ஏய், எங்க போற? பந்திய யாரு பாத்துக்குவா?" ஸ்ரீராம் சார் என்னிடமிருந்து பிடுங்கிய மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "அந்த நாயோட திரும்பி வந்தா கேட்டுக்குள்ள விட மாட்டேன், சொல்லிட்டேன்!"

"நாய் வரும் சார். அதுக்குச் சட்டம் இருக்கு. நான்தான் வரமாட்டேன்."

வெளியே பாபு அண்ணன் வண்டியின் உறுமல் கேட்டது. மேடையில் விருந்தினர் வரிசைக்கு முன்னால் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள் அழகாக நின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.

எங்கள் பிராணிகள் நல விழிப்புணர்வுக் குழு ஒரு நாய்க்குக் கொடுத்த முதல் தண்ணீர் அது. அதையும் நான் திருடிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது.