வாட்ஸ்அப் இல்லாத தவக்காலம்

அன்புள்ள கிறிஸ்தோபர் மாமாவுக்கு,

யட்டவத்தயிலிருந்து உங்கள் தங்கை மகள் பிரின்ஸி. ஆண்டவர் அருளால் இங்கே எல்லோரும் சுகம். வத்தளையில் நீங்களும் அத்தையும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்காமலேயே நாலு பேருக்குத் தட்டிவிடுவீர்கள் என்பதால்தான் தபாலில் எழுதுகிறேன்.

முஸ்லிம் சமையல்காரர்கள் புரியாணியில் பிள்ளை பிறக்காத மருந்து கலக்கிறார்கள் என்று குடும்பக் குழுவில் போட்டீர்களே, அதைப் பார்த்து அப்பா, ஷிரானி அக்கா கல்யாணத்துக்குச் சமைக்கப் பேசியிருந்த றஹீம் நானாவை வேண்டாமென்று சொல்லி, டவுனிலிருந்து ஜெயகாந்த் அண்ணனைப் பேசிவிட்டார். எங்கள் முதல் நன்மை விருந்துக்கெல்லாம் சமைத்தவர் றஹீம் நானா. அவர் கையால் சாப்பிட்ட நம் குடும்பத்தில் பிள்ளைகளைப் படுக்கவைக்க இடமில்லை, அது அப்பா கண்ணுக்குத் தெரியவில்லை. நானாவின் மகள் றுஸைனா, எங்கள் அக்காவின் உயிர்த் தோழி. அவள் முகத்தில் எப்படி முழிப்பேன், கல்யாணமே வேணாம் என்று அக்கா ஒரே அழுகை. எல்லாம் இந்தப் போனால் வந்த வினை என்று நினைத்து, தவக்காலத்துக்கு இறைச்சியோட வாட்ஸ்அப்பையும் விடச்சொல்லி பாதர் மூலமா அப்பாவுக்குச் சொல்லவச்சேன். விட்டார். போன் அலுமாரிக்குள்ள போச்சு, வாய் வெளிய வந்துச்சு. தேத்தண்ணிக் கடையில உட்கார்ந்து அதே கதையை, நீங்க போடாத சங்கதியும் சேர்த்துச் சொன்னார் மாமா. போன்ல வந்தா 'பலமுறை அனுப்பப்பட்டது'ன்னாவது இருக்கும், அப்பா வாயில அதுவும் இல்ல. இதுக்கிடையில றமழான் நோன்பும் வந்துச்சா, பொழுது போகாம அந்திக்கு றஹீம் நானா வீட்டுக்கே போய் நோன்புக் கஞ்சி குடிச்சார், ரெண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கி. என்னப்பா இதுன்னா, "றஹீம் நல்லவன்டி, மத்தவனுங்களைத்தான் சொல்றேன்"ங்கிறார். மத்தவனுங்க ஒருத்தனையும் அவருக்குத் தெரியாது. நான் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கப் போனா, நானா அகப்பையைக் கழுவிக்கிட்டே, "ஒங்கட அப்பாவுக்கு எங்கட கஞ்சில மருந்தில்ல மகள், புரியாணிலதான் இருக்கு"ன்னார். சிரிக்கல.

ஆக, போன்மேல பழி இல்ல மாமா, மனுசன் குணந்தான். அப்பா உங்க பேச்சை மட்டும்தான் கேட்பார். போட்டது பொய்னு உங்க வாயாலயே சொல்லுங்க. அடுத்த மாசம் கல்யாணம்.

இறைவன் உங்களையும் உங்க கட்டைவிரலையும் காப்பாராக.

அன்பு மருமகள்,
பிரின்ஸி

பி.கு.: கடிதத்தை ஒட்டுறதுக்குள்ள பாஸ்கா பூசையோட தவக்காலம் முடிஞ்சு அப்பா போனைத் திறந்துட்டார். அல்லேலூயா சபைக்காரங்க ஜெபம் பண்ணின எண்ணெயைச் சோத்துல ஊத்தி கத்தோலிக்கரை மாத்துறாங்கன்னு காலையில போட்டிருக்கீங்க. ஜெயகாந்த் அண்ணன் அந்தச் சபை. பாவம், அவரை நிறுத்திட்டு அப்பா றஹீம் நானா வீட்டுக்கு ஓடினார். முதல் தட்டை அப்பா எல்லார் முன்னாடியும் சாப்பிடணும்னு சொல்லி நானா ஒத்துக்கிட்டார். அக்கா சேலை பார்க்கப் போயிட்டா. மேலே எழுதினதை மறந்துடுங்க மாமா. கல்யாணம் முடியிற வரைக்கும் தயவுசெய்து எதையும் பொய்னு சொல்லிடாதீங்க.